பக்கத்துக்கு ஒரு அரை கிலோ

நார்வேயில் ஃபோர்டே என்று ஒரு சிறிய ஊர். 2025 அக்டோபர் 2 அன்று உலகப் பளுதூக்கும் போட்டியின் பெண்கள் 48 கிலோ பிரிவு அங்கே நடந்தது. ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச் முடிந்தபோது இந்தியாவின் மீராபாய் சானுவின் கணக்கில் 84 கிலோதான் இருந்தது. 87 கேட்டு இரண்டு முறையும் தவறவிட்டிருந்தார். தாய்லாந்தின் தன்யாதன் சுக்சரோன் 88 தூக்கி நான்கு கிலோ முன்னால் இருந்தார். வட கொரியாவின் ரி சோங் கும் 91.

இரண்டு கட்டமாகத் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மீராபாய் 109 எடுத்தார், பிறகு 112. தன்யாதன் 110-உடன் மொத்தம் 198-ல் நின்றுவிட்டார். மீராபாய் 114 தூக்கினால் அவருக்கும் 198. ஆனால் சமமாக வந்தால், அந்த மொத்தத்தை முதலில் எட்டியவருக்கே இடம் என்பது இப்போதைய விதி. ஆகவே 115 தூக்கியே ஆகவேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்த அதே எடை. பெண்களுக்கான கம்பி 15 கிலோ, பூட்டு இரண்டும் சேர்த்து 5 கிலோ. மீதிக்குப் பக்கத்துக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு சின்னத் தட்டு. 48 கிலோ உடம்பு தன்னைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கைத் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனார். மொத்தம் 199, வெள்ளிப் பதக்கம். 198 எடுத்தவருக்கு வெண்கலம்.

இந்த 199 எனக்குப் பழகிய எண். 2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் அவர் எடுத்ததும் 199தான்: ஸ்னாட்சில் 88, ஜெர்க்கில் 111. தாய்லாந்தின் சுரோத்சனா காம்பாவ் 200 எடுத்தார். கடைசி முயற்சியில் மீராபாய் 114 கேட்டார், கம்பி நிற்கவில்லை. நான்காம் இடம். அன்று நம் வீடுகளில் அதைத் தோல்வி என்றே பேசினார்கள். அதே எண்ணை ஃபோர்டேயில் வெற்றி என்று கொண்டாடினோம்.

இரண்டில் எது பெரியது என்றால், பாரிஸ் என்றுதான் சொல்வேன். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் இடுப்பில் அடிபட்டு, மாதக்கணக்கில் கம்பியிடமிருந்து விலகி இருந்தவர் அவர். போட்டி நாள் தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று பிறகு செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பேச்சை இன்னும் கூச்சத்தோடு கடந்துபோகிற நாட்டில் அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பு நீரைத் தேக்கிக்கொள்கிற அந்த நாட்களில் 49-க்குள் இறங்குவதே தனிப் போராட்டம்.

மெல்லிய எடைப் பிரிவில் போட்டி மேடையில் தொடங்குவதில்லை. இரண்டு மணி நேரம் முன்பே, எடை பார்க்கும் அறையில் தொடங்கிவிடுகிறது. கம்பி ஏறுமுன் தராசு இறங்க வேண்டும். சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து, வியர்த்து வந்து நிற்கிற பெண்ணின் தொடையில் அதன் பிறகும் வலு மிச்சமிருக்க வேண்டும். 90 கிலோ உடம்புக்கு அரை கிலோ ஒரு பொருட்டில்லை, 48 கிலோ உடம்பில் அது எங்கிருந்து போகும்? மீராபாய் பாரிஸ் மேடை ஏறிய அதே நாள் காலையில்தான் மல்யுத்தத்தில் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் இறுதிப் போட்டியை இழந்தார்.

கம்பியிலும் இதே நுணுக்கம்தான். ஒரு கிலோ கூட்டுவது என்றால் பக்கத்துக்கு ஒரு அரை கிலோத் தட்டு. 2017-ல் அனாஹைமில் மீராபாய் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு 194, இரண்டாவது வந்த தாய்லாந்து வீராங்கனைக்கு 193. பாரிஸில் போனதும் ஃபோர்டேயில் வந்ததும் இதே ஒரு கிலோ.

இந்த 48 கிலோ பிரிவை நான் இவ்வளவு தூரம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இது இல்லை. பெண்களுக்கு அங்கே ஆறு பிரிவுகள். மிகக் குறைந்தது 53 கிலோ.

பெண்களின் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் நுழைந்தது 2000-ல், சிட்னியில். 48 கிலோ பிரிவில் பல்கேரியாவின் டிராக்னேவா ஊக்கமருந்தில் சிக்கித் தங்கத்தை இழக்க, அது அமெரிக்காவின் தாரா நாட் என்பவருக்குப் போனது. வெள்ளி, வெண்கலம் இரண்டும் இந்தோனேசியப் பெண்களுக்கு. நான்காண்டு கழித்து ஏதென்ஸில் இதே பிரிவில் துருக்கியின் நூர்ஜான் தைலான் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் துருக்கிப் பெண் அவர். தாய்லாந்து, இந்தோனேசியா, மணிப்பூர் என்று சிறுகூடான உடம்புள்ள பெண்கள் உலக மேடைக்கு ஏறி வந்த படி இந்த 48தான். மீராபாய்க்கு வழிகாட்டியான குஞ்சராணி தேவி 1989-ல் மான்செஸ்டர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியபோது 44 கிலோவிலேயே ஒரு பிரிவு இருந்தது. பிறகு அது 46 ஆனது, 48 ஆனது, 49 ஆனது. இனி ஒலிம்பிக்கில் 53. படியின் கீழ்த்தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள்.

எடையைக் கூட்டிக்கொள்ளலாமே என்பவர்கள் கர்ணம் மல்லேஸ்வரியைக் காட்டுவார்கள். 1994, 1995 இரண்டு ஆண்டும் 54 கிலோவில் உலக சாம்பியன் ஆனவர், சிட்னியில் 69 கிலோவில் வெண்கலம் வென்றார். உண்மைதான். ஆனால் சிட்னியில் அவருக்கு வயது 25. லாஸ் ஏஞ்சலஸில் மீராபாய்க்கு 33 ஆகியிருக்கும். முதுகும் இடுப்பும் ஏற்கெனவே அடிபட்டவை. ஐந்து கிலோ தசையை வளர்த்து, அந்த எடையிலேயே வளர்ந்த பெண்களோடு அவர் மோத வேண்டும்.

உலகப் போட்டியில் மெல்லிய பிரிவு இருக்கிறதே என்பது ஆறுதலாகாது. நம் நாட்டில் முகாமும் பயிற்சியாளரும் வெளிநாட்டுச் சிகிச்சையும் ஒலிம்பிக் பிரிவுகளைத் தேடித்தான் போகும். மேடைகளைக் குறைக்க வேண்டும் என்றால் மேலே இருந்தும் குறைத்திருக்கலாம். பெண்களுக்கு 77, 86, அதற்கு மேல் என்று மூன்று கனமான பிரிவுகள் அப்படியே இருக்கின்றன.

லாஸ் ஏஞ்சலஸ் முடிந்துபோன முடிவு. 2032 பிரிஸ்பேனுக்கான பட்டியல் பேச்சு தொடங்குமுன், இந்தியாவும் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் தங்கள் சம்மேளனங்கள் வழியாக ஒரே கடிதமாக 48-ஐத் திரும்பக் கேட்க வேண்டும். இப்போதே கேட்க வேண்டும்.