இரவில் இறங்கும் சீனி

போன மாதம் வீட்டுத் தரிசிப்பில் ஒரு சகோதரியைச் சந்தித்தேன். 2009இல் முகாமில் இருந்தபோது, பதின்மூன்று வயதில், சீனி வருத்தம் வந்தவர். அன்று தொடங்கிய இன்சுலின் ஊசி இன்றும் தொடர்கிறது. இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. கணவர் இரவில் கடலுக்குப் போகிறவர்.

“அக்கா, நித்திரையிலை சீனி இறங்கி நான் எழும்பாமல் விட்டால் வயித்திலை இருக்கிறதுக்கு என்ன நடக்கும்?” என்று கேட்டார். லண்டனில் உள்ள மச்சாள் கர்ப்பமாக இருந்தபோது கையில் ஒட்டியிருந்த கருவியைப் பற்றியும் விசாரித்தார். கிளினிக் தாதியிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

அது மேற்கையில் ஒட்டும் சிறு வில்லை. அதிலுள்ள மெல்லிய இழை தோலுக்குக் கீழே, கலங்களைச் சுற்றியுள்ள நீரில் இருக்கும் சீனியை இரவு பகலாக அளந்து கைத்தொலைபேசிக்கு அனுப்பும். அளவு இறங்கினால் அலாரம் அடிக்கும். இரத்தத்தில் நடப்பதைச் சில நிமிடம் பிந்தியே காட்டும். ஆகவே உடம்பு ஒன்று சொல்ல, கருவி வேறொன்று காட்டினால், விரலில் குத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

கனடா, இங்கிலாந்து, ஸ்பெயின் முதலிய நாடுகளின் 31 வைத்தியசாலைகளில் நடந்த ‘கொன்செப்ட்’ ஆய்வு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. முதலாம் வகை நீரிழிவுள்ள 215 கர்ப்பிணிகள் அதில் பங்குபற்றினர். விரலில் மட்டும் குத்திப் பார்த்தவர்களின் குழந்தைகளில் 43 வீதமானோர் ஒரு நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேர்ந்தது. கருவியும் அணிந்தோரில் அது 27 வீதம். அளவுக்கு மீறிப் பெருத்துப் பிறந்த குழந்தைகளும் 69 வீதத்திலிருந்து 53 வீதமாகக் குறைந்தனர். இங்கிலாந்தில் 2020 டிசம்பர் வழிகாட்டல், முதலாம் வகைக் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைக் கொடுக்கச் சொன்னது.

ஆனால் இந்தச் சகோதரி பயந்த விடயத்தில், அதாவது தாய்க்குக் கடுமையாகச் சீனி இறங்குவதில், அந்த ஆய்வு பெரிய வித்தியாசம் காணவில்லை. அதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். கர்ப்பத்தில் மட்டும் சீனி கூடியவர்களுக்கு இந்தக் கருவி வழமையாகத் தேவைப்படுவதுமில்லை.

எங்கள் அரச கிளினிக்குகளில் இது சாதாரணமாகக் கிடைப்பதில்லை. தனியாரில் வாங்குவது கடலை நம்பிய குடும்பத்துக்கு இயலாத காரியம். இதில் எனக்கு மனவருத்தம் உண்டு. லண்டன் மச்சாளுக்கும் இவருக்கும் இருப்பது ஒரே வருத்தம்தானே?

அவரோடு கிளினிக்குக்குப் போனேன். முதல் மூன்று மாதங்களில்தான் சீனி இறங்குவது அதிகம் என்று சொல்லி, வைத்தியர் இரவு இன்சுலினைக் குறைத்தார். படுக்குமுன்னும் விடியப்புறம் மூன்று மணிக்கும் குத்திப் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொன்னார். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமி இப்போது இரவில் அங்கேதான் படுக்கிறார். அலாரம் அடித்தால் முதலில் எழும்புவது மாமிதானாம்.