450 ரூபாய்க்கு ஒரு ரப்பர் மீன்



கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தனியார் பள்ளியில் யு.கே.ஜி. குழந்தைகளுக்கு 'அச்சுக்கலைப் பெட்டி' என்று 450 ரூபாய் வசூலித்திருக்கிறார்கள். உள்ளே வெட்டித் தயாராக இருக்கும் ரப்பர் பூ, ரப்பர் மீன், ஒரு மை டப்பா. குழந்தை எடுத்துக் குத்த வேண்டியதுதான். வகுப்பு முழுக்க ஒரே மீன்! தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவருக்குக்கூட இதைவிட யோசனை வேண்டும்.

இன்னொரு கூத்து, கழிவுப்பொருள் கைவினைப் போட்டி. இரவு பதினொரு மணி வரை அம்மா ஒட்டுகிறார், காலையில் பிள்ளை பரிசு வாங்குகிறது.

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டு வைத்தால் ஐந்து இதழ்ப் பூ. வாழை மட்டையை நறுக்கினால் கட்டம் கட்டமாக விழும். அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே இருக்கும் நெளி, உழுத வயல். பழைய சைக்கிள் டியூபை வெட்டி மரத்துண்டில் ஒட்டினால் முத்திரை. கஞ்சியில் மஞ்சள்தூளோ சொட்டு நீலமோ கலந்தால் மை. மை அதிகமானால் அப்பிக்கொள்ளும், கை நகர்ந்தால் உருவம் இரட்டையாகும். பத்துத் தாளைக் கெடுத்த பிறகு குழந்தைக்குத் தானே அளவு பிடிபடும். அந்தப் பத்துத் தாளுக்காகத்தான் இத்தனை வாதமும். பழைய செய்தித்தாள்தானே, கெடட்டுமே!

எழுத்துக்கு வாருங்கள். டியூபில் 'ப' வெட்டி ஒட்டி அச்சிட்டால் நேராக விழும். 'ட' வெட்டினால் திரும்பி விழும். ஏன் என்று அந்தக் குழந்தையே கேட்கும். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவர்களும் எழுத்தைத் திருப்பித்தான் வார்த்தார்கள். இந்தப் புதிரை ரப்பர் மீன் தருமா?

"சீருடை கறையாகிறது சார்" என்பார்கள். ஆகட்டும். மஞ்சள் கறை சோப்பு பட்டால் சிவக்கும், வெயிலில் காய்ந்தால் மங்கும். அதுவும் அறிவியல் பாடம்தான்.

"சிலபஸ் முடியாது" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஐந்து வயதுக்கு என்ன சிலபஸ்?

பிளேடு பிடிக்கும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. மற்றதில் கை வைக்காதீர்கள்.

என்னிடம் படித்து இன்று பெற்றோராக இருப்பவர்களே, அடுத்த முறை பெட்டிக்குப் பணம் கேட்டால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதில் என் குழந்தை செய்ய வேண்டியது என்ன மிச்சம் இருக்கிறது?" பதில் என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள்.