கறவை மாட்டுக் கணக்கில் தீவனத்தின் இடம்

ஹிஞ்சேவாடியின் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் தமிழ் வாடிக்கையாளர்களுள் சிலர், ஊரிலுள்ள பெற்றோரின் நிலத்தில் கறவை மாடுகள் வளர்க்க விரும்பிக் கடன் விவரம் கேட்பதுண்டு. மாட்டின் விலை, கொட்டகைச் செலவு, பாலின் கொள்முதல் விலை, மாதத் தவணை ஆகிய நான்கும் அவர்களது கணக்கில் தவறாமல் இடம்பெறுகின்றன. தீவனமோ, 'நிலத்திலேயே சோளம் விதைத்துக்கொள்ளலாம்' என்னும் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரியை விரித்து எழுதிய பின்னரே மாடு வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

தீவனச் சோளம் சிறந்த பயிர் என்பதில் ஐயமில்லை. வெப்பத்தைத் தாங்கும், குறைந்த நீரில் வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சூடான் புல்லுடன் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய கோ.எப்.எஸ். 29 என்னும் மறுதாம்புச் சோளத்தை ஒருமுறை விதைத்தால், ஏறத்தாழ 65 நாட்களில் முதல் அறுவடையும், பின்னர் 50 நாட்களுக்கு ஒருமுறை அடுத்தடுத்த அறுவடைகளும் கிடைக்கும்.

ஆனால் இளம் சோளத்தில் துரின் என்னும் பொருள் மிகுந்துள்ளது. மாடு மெல்லும்போது அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சாகிறது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடலின் செல்கள் அதைப் பயன்படுத்த இயலாமற் போகிறது. மூச்சுத் திணறல், தள்ளாட்டம், வலிப்பு எனத் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே மாடு இறக்க நேரிடலாம்.

மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர்ப் பகுதியின் மால்தாண்டி சோளத்தட்டை, 'கடபா' என்னும் பெயரில் காலங்காலமாக மாடுகளுக்கு அளிக்கப்படுகிறது. கதிர் முற்றிய பின் அறுத்து உலர்த்தப்படுவதால் அதில் இந்த அபாயம் மிகக் குறைவு. நம் ஊர்ச் சோளத்தட்டும் அத்தகையதே. பசுந்தீவனத்திற்காகக் கதிர் முற்றுமுன் அறுக்கும்போதுதான் பயிரின் வயதைக் கணக்கிடும் பொறுப்பு நம்மைச் சேர்கிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. இடுப்பளவு உயராத பயிரையும், அறுத்த தாளிலிருந்து துளிர்த்த இளங்குருத்தையும் மேயவிடலாகாது. வறட்சியில் வாடிய பயிரும், அதன்பின் மழை கண்டு துளிர்க்கும் பயிரும் மிகவும் ஆபத்தானவை. பசியோடு இருக்கும் மாட்டிற்கு முதலில் வைக்கோல் அளித்த பின்னரே பசுஞ்சோளம் தர வேண்டும். நன்கு உலர்த்தினாலும், ஊறுகாய்ப்புல்லாகப் பதப்படுத்தினாலும் சயனைடு குறையும். யூரியாவை அளவுக்கு மீறி இடுவதால் பயிரில் சேரும் நைட்ரேட்டோ உலர்த்தினாலும் நீங்காது.

விதிகள் எளியவை, அவற்றை மீறச் செய்வது பெரும்பாலும் தீவனத் தட்டுப்பாடே. கொட்டகையில் வைக்கோல் தீர்ந்த நாளில்தான் முற்றாத பயிரின்மீது அரிவாள் விழுகிறது. ஆகவே தீவன இருப்பே மாட்டின் முதற் காப்பு. நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து இடைவெளி விட்டு விதைத்தால் எப்போதும் ஒரு பாத்தியேனும் முற்றியிருக்கும். உலர்தீவனம் வாங்குவதற்கு நடைமுறை மூலதனம் வேண்டும். கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கடன் அட்டையின் வாயிலாகத் தீவனச் செலவிற்குக் கடன் பெறலாம். மாடு வாங்கும் கடனை மட்டும் பெற்று இதை விட்டுவிடுவது, வாகனம் வாங்கி எரிபொருளுக்குப் பணம் ஒதுக்காததற்கு ஒப்பாகும்.

காப்பீடும் அவசியமே. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ்ப் பயனாளியின் பிரீமியப் பங்கு 2024இல் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. காதுவில்லையும் கால்நடை மருத்துவரின் சான்றும் இன்றி இழப்பீடு கோருவது கடினம். எந்தெந்த இறப்புகளுக்குப் பாலிசி பொருந்தும் என்பதை முன்னரே படித்தறிக. இழப்பீடு கிடைத்தாலும், அடுத்த மாடு வந்து கறவைக்கு நிற்கும்வரை தவணை காத்திராது.

புனேயிலிருந்து பணம் அனுப்பலாம். பயிரின் உயரத்தை அளக்க இயலாது. எனவே விதைத்த நாள், அறுத்த நாள், அடுத்து அறுக்கத்தக்க நாள் ஆகியவற்றைக் கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்னும் எண்ணும் அங்கேயே இருக்கட்டும். நஞ்சுக்கு முறிவு மருந்து உண்டு. மருத்துவர் உரிய நேரத்தில் வந்து ஊசி வழியே செலுத்தினால் மாடு பிழைக்க வாய்ப்புண்டு.