என் முழங்கை அவள் கோல் அல்ல

"எதுக்குமா பாப்பா கையில குச்சி? அதான் நீ கூடவே இருக்கியே."

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் ஒரு அக்கா கேட்டது இது. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கையில் இருந்த பிஸ்கட்டில் ஒன்றை என் மகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு பெண்களுக்கான ஆயுள் தண்டனை இருக்கிறது. மகள் கடைசிவரை அம்மா கையைப் பிடித்தே நடக்க வேண்டும், அம்மா கடைசிவரை அந்தக் கையாகவே இருக்க வேண்டும்.

என் மகளுக்கு ஐந்து வயது. குறைமாதத்தில் பிறந்தவள், பார்வை இல்லை. அந்தக் கதையை இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. கேட்டு உச்சுக்கொட்ட ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அவள் கையில் இருக்கும் வெள்ளைக் கோலைப் பற்றி. அது அவள் கைக்கு வராமல் தடுத்தவர்களைப் பற்றியும். அவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தமிழில் பலர் 'ஊன்றுகோல்' என்று எழுதுகிறார்கள். என் மகள் எதன் மீதும் ஊன்றி நிற்கவில்லை. அந்தக் கோல் அவளுக்கு முன்னால் போய்த் தரையைத் தொட்டுப் பார்த்துச் செய்தி கொண்டுவருகிறது. பெயரிலேயே அவளைத் தள்ளாடும் கிழவியாக்கிவிடுகிறோம்.

இந்தக் கோலுக்கு இரண்டு குணங்கள். ஒன்று அதன் வெள்ளை நிறம். 1921இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் விபத்தில் பார்வை இழந்தார். வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று தன் கைத்தடிக்கு வெள்ளை பூசிக்கொண்டார். பத்து வருடம் கழித்து, 1931இல், பாரிஸில் கில்லி தெர்பெமோ என்ற பெண் வெள்ளைக் கோலை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். இன்னொன்று அதன் நீளம். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக, 1940களில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் ராணுவ மருத்துவமனை ஒன்றில் நீளமான, எடை குறைந்த கோலை உருவாக்கி, இடமும் வலமும் வீசி நடக்கக் கற்றுக்கொடுத்தார். நிறம் பார்க்கிறவர்களுக்கு. நீளம் நடக்கிறவருக்கு.

சிப்பாய்கள், இளம் ஆண்கள். அவர்கள் திரும்பவும் தனியாக நடக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதனால் கோல் நீண்டது. குழந்தைகள் விஷயத்தில் மட்டும் 'வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்ற பேச்சு பல பத்தாண்டுகள் ஓடியது. நடக்கத் தொடங்கும் வயதிலேயே கோலைக் கொடுங்கள் என்று வாதாடிய அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோசப் கட்டரின் புத்தகம் 2007இல்தான் வந்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை தருகிறது. குழந்தை ஒரு வயதில் நடக்கத் தொடங்குகிறதே, அந்த ஐந்து வருடம் யார் பொறுப்பு? சொல்லத் தேவையில்லை. அம்மா பொறுப்பு.

எங்கள் வீட்டிலிருந்து பூந்தமல்லி ஒன்றும் எட்டாத தூரமில்லை. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வைக் குறையுடையோர் நிறுவனத்தின் மண்டல மையம் அங்கே இருக்கிறது. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் இருக்கிறது. அந்த வழியாகக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், துணி எடுக்கப் போயிருக்கிறேன். மகளுக்காக விசாரிக்கப் போக எனக்கு மூன்று வருடம் ஆனது.

"பொண்ணு கையில குச்சியக் குடுத்து ஊருக்கே காட்டணுமா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார் அத்தை. அப்போது அவளுக்கு மூன்று வயது. "பையனா இருந்தாலும் விழுந்து எழுந்து கத்துக்குவான்" என்றும் சேர்த்துக்கொண்டார். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான். எதுவும் சொல்லாமல் இருப்பது நல்ல மனிதர்களுக்கு எவ்வளவு வசதி! எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலையை விட்டது நான்தான். "அவளுக்கு நீதான்மா கண்ணு" என்று எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். கண்ணுக்கு லீவு உண்டா? காய்ச்சல் வருமா? இந்தப் புகழ்ச்சியைப் போல மலிவான கூலி உலகத்தில் வேறு இல்லை.

அதே உறவினர்கள்தான் பெனோ செஃபைனின் பெயரையும் சொல்கிறார்கள். முழுப் பார்வையின்மையோடு 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் அதிகாரி, நம் சென்னைப் பெண். "பாப்பாவும் அந்த மாதிரி வரணும்." வரட்டும். ஆனால் வெளிநாட்டுக்குப் போக வேண்டியவளைத் தெருமுனைக் கடைக்கு அனுப்ப மாட்டீர்கள்.

பாதுகாப்பு என்பார்கள். காலம் கெட்டுக்கிடக்கிறது, பெண் குழந்தை, அதிலும் கண் தெரியாதவள். அந்தப் பயம் எனக்கும் உண்டு, எந்த அம்மாவுக்கு இல்லை? ஆனால் யோசித்துப் பாருங்கள். கையைப் பிடித்து இழுத்துப் போகப்பட்டே வளரும் பெண் என்ன கற்றுக்கொள்கிறாள்? தன் மணிக்கட்டை யார் பிடித்தாலும் அது உதவி, கூடப் போக வேண்டும் என்று. சாலையில் முன்பின் தெரியாத ஆண்கள் சட்டென்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளுகிறார்கள், "இந்தப் பக்கம் பாப்பா" என்று. அவள் மரக்கட்டை போல நகர்வாள். ஒரு நாள் அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிடிக்கிற கை நல்லதா கெட்டதா என்று அவள் யோசிக்கவே நாங்கள் இடம் வைக்கவில்லை.

நடைப் பயிற்சி தந்த பெண்ணுக்கும் பார்வை இல்லை. அவர் முதல் நாள் திருத்தியது மகளை அல்ல, என்னை. "நீங்க அவளப் பிடிக்காதீங்க. அவ உங்க முழங்கையப் பிடிக்கட்டும், அரை அடி பின்னாலயே வரட்டும். பிடிச்சது அவன்னா விடறதும் அவதான்." இப்போது யாராவது தொட்டால் அவள் கையை உதறிவிட்டு "தொடாதீங்க, எனக்குத் தெரியும்" என்கிறாள். "என்ன இவ்ளோ திமிரு" என்றார் ஒருவர். ஆமாம், திமிர்தான்.

கோல் அவள் மூக்கு உயரம் இருக்கிறது. கடையில் கேட்டதெல்லாம் பெரியவர்கள் உயரத்துக்கே இருந்தன, தேடித்தான் வாங்கினோம். நுனியைத் தரையிலிருந்து எடுக்காமல், தோள் அகலத்துக்கு இடமும் வலமும் துழாவுகிறாள். வலது கால் வைக்கும்போது கோல் இடப்பக்கம் போக வேண்டும், அடுத்த அடி அங்கேதான் விழும். இதற்கே இரண்டு மாதம் ஆனது. நடுவில் கோலைக் குதிரையாக்கி ஓட்டினாள், அத்தையின் காலில் அடித்தாள். குழந்தைதானே.

எங்கள் வாசலிலிருந்து அண்ணாச்சி கடைவரை நூற்றிருபது அடி வைக்கிறாள். முதலில் சிமென்ட், வழவழவென்று சத்தம். பிறகு தார், கரகரப்பு. இரும்பு மூடி வந்தால் 'டங்', அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று அவளே குறி வைத்திருக்கிறாள். இவையெல்லாம் எனக்குத் தெரியாது. பதினோரு வருடமாக அந்தத் தெருவில் நடக்கிறேன், மூடிக்குச் சத்தம் உண்டு என்று தெரியாது. நடைபாதையில் நிறுத்திய பைக்குகள், குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம், படுத்திருக்கும் நாய் எல்லாவற்றையும் கோல் கண்டுபிடிக்கிறது. கடைக்குப் பக்கத்தில் மழைநீர்க் கால்வாயின் ஒரு பலகை பல மாதங்களாக இல்லை. நான் இரண்டடி பின்னால், வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். கோல் நுனி இறங்கியது. அவள் நின்றாள்.

"அம்மா, இங்க தரை இல்ல."

ஓடிப்போய்த் தூக்கவில்லை. சுற்றிக்கொண்டு போனாள். வேறொரு நாள் பைக் ஸ்டாண்டில் தடுக்கி விழுந்து முழங்காலில் ரத்தம். வீட்டில் பெரிய ரகளை. அதே வாரம் எதிர்வீட்டுப் பையன் சைக்கிளில் விழுந்து நெற்றியில் தையல் போட்டான். அவன் அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தோழிகளே, உங்களில் பலருக்குக் கண் தெரியும். உங்களையும் இப்படித்தானே வளர்த்தார்கள்? இருட்டுவதற்குள் வா, தனியாகப் போகாதே, அண்ணனைக் கூட்டிப் போ. என் மகளுக்குச் சொல்லப்படுவது அதே வசனம், சுருதி மட்டும் கூட. உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் அவள் அம்மாவைக் கண்ணென்று புகழாதீர்கள். நடைபாதையில் நிற்கும் உங்கள் வண்டியை எடுங்கள். அண்ணாச்சி இன்னும் என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார், "பாப்பாக்கு என்ன வேணும்?" அவள் பதில் சொல்கிறாள், "அண்ணாச்சி, நான் இங்க இருக்கேன். கடலை மிட்டாய், ரெண்டு."

அடுத்தது அம்பத்தூர் ரயில் நிலையத்தின் படிக்கட்டு. அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை.