எல்லார் பெயரும் குடத்தில் இருக்கிறதா?



"அவனுக்கு அதிர்ஷ்டம் சார்! படிச்ச கேள்வியே வந்துடுச்சு!"

பரீட்சை முடிந்த நாட்களில் இந்தப் பேச்சை நான் கேட்காத வருடமே இல்லை. மார்க் குறைந்தவன் அதிர்ஷ்டத்தைத் திட்டுவான். நிறைய வாங்கியவனோ, "எல்லாம் என் உழைப்பு" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வான். இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை.

அப்படியானால் அதிர்ஷ்டம் நல்லதா, கெட்டதா? நம் முன்னோர் அதை ஒரு நல்ல காரியத்துக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். கேளுங்கள்.

எங்கள் ஊர் மீன்சுருட்டி. பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய பெரிய கோயிலை உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோயில் எழும்புவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் ஊர் வேலைகளுக்கு ஆள் எடுக்கக் குடவோலை முறை இருந்தது. அதன் விதிகளை 919, 921-ஆம் ஆண்டுகளில் கோயில் சுவரிலேயே கல்வெட்டாக வெட்டி வைத்தார்கள்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஊரே பார்த்திருக்க, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைக்கக் கூடாது அல்லவா! பிறகு பெயரை எல்லோரும் கேட்க உரக்கப் படிப்பார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் ஆள் எடுத்தார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகவே முடியாது.

ஏன் ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள்? பெரியவர் எடுத்தால் தன் ஆளைப் பார்த்து எடுப்பாரோ என்ற சந்தேகம் வரும். அதிர்ஷ்டத்துக்கு மாமன், மச்சான் கிடையாது. பணக்காரன், பலசாலி என்று அது பார்ப்பதில்லை. அதுதான் அதன் நல்ல குணம்.

ஆனால் இன்னொரு விஷயமும் உண்டு. குடத்துக்குள் யார் யார் பெயர் போனது? வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். அப்படியானால் வயலில் கூலி வேலை செய்தவர் பெயர்? பெண்கள் பெயர்? அவை குடத்தின் பக்கமே போகவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குக் குடம் நியாயமாக நடந்துகொண்டது. வெளியே நின்றவர்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல முடியுமா? வாய்ப்பே இல்லை என்பதுதான் சரி.

இதை எனக்குப் புரிய வைத்தவன் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். ஒரு வருடம், கோடை விடுமுறையில் நடக்கும் அறிவியல் முகாமுக்கு எங்கள் வகுப்புக்கு ஒரே ஓர் இடம் வந்தது. பாரபட்சம் வேண்டாமே என்று சீட்டுக் குலுக்கிப் போட்டேன். நியாயமாக நடந்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை! மறுநாள் ஒரு பையன் வந்தான். எங்கள் பக்கம் அது முந்திரிக் காலம். முதல் நாள் அம்மாவோடு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போயிருந்தான். "சார், என் பேரும் எழுதிப் போட்டீங்களா?" என்று கேட்டான்.

நான் எழுதவில்லை. அன்று வந்திருந்தவர்கள் பெயரை மட்டும்தான் எழுதினேன். "நீ ஏன் நேற்று வரவில்லை?" என்று அதட்டி உட்கார வைத்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. போட்டிருந்தாலும் அவன் பெயர் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் கேட்டது முகாமை அல்ல. குடத்தில் ஓர் இடத்தை. அந்தக் கேள்வி இன்றும் என் மனதில் முள்ளாகக் குத்துகிறது.

இன்றும் இப்படிக் குலுக்கல் உண்டு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பின் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு உரியவை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே தெரியாத வீட்டுப் பிள்ளையின் பெயர் குலுக்கலுக்கு வருமா?

இன்னும் ஒன்று யோசித்துப் பாருங்கள். படிக்கச் சொல்லும் அம்மா, வீட்டில் மின்விளக்கு, வேளைக்குச் சாப்பாடு. இவற்றை நீங்கள் உழைத்தா சம்பாதித்தீர்கள்? பிறக்கும்போதே விழுந்த நல்ல சீட்டு அது! அதற்காக உழைப்பு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்வது நம் கையில் இல்லை. உழுது வைப்பது நம் கையில் இருக்கிறது. உழாத நிலத்தில் மழை பெய்தால் புல்தான் முளைக்கும். ஆனால் மழை பெய்த வயல்காரர், மழை பெய்யாத வயல்காரரைப் பார்த்துச் "சோம்பேறி" என்று சொல்லலாமா?

ஆகவே, ஜெயித்தால் கொஞ்சம் அடக்கம். தோற்றால் "என் தலையெழுத்து" என்று உட்கார்ந்துவிடாமல், மறுபடி ஒரு முயற்சி. இரண்டையும்விடப் பெரிது ஒன்று உண்டு. அடுத்த முறை உங்கள் வகுப்பில் சீட்டுக் குலுக்கும்போது எழுந்து நின்று கேளுங்கள்: "சார், இன்னைக்கு வராதவங்க பேரையும் எழுதியாச்சா?"

உங்கள் ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். அன்று என் வகுப்பில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டிருக்கக் கூடாதா என்றுதான் இந்தக் கிழவன் இன்னும் நினைக்கிறேன்.