டஸ்டருக்கு 15 வயது ஆகப்போகிறது: வீட்டு வாசலில் ஸ்பானர் பிடிக்கலாம்... எதுவரை?

ஒரகடம் ஆலையில் தயாராகி 2012 ஜூலையில் விற்பனைக்கு வந்த ரெனோ டஸ்டரின் முதல் வண்டிகளுக்கு, வரும் 2027 ஜூலையில் ஆர்.சி. காலாவதியாகத் தொடங்குகிறது. சொந்தப் பயன்பாட்டு கார்களுக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை நிறுத்திக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமாக யாரும் கேட்காத கேள்விகள் எல்லாம் அன்றைக்குத்தான் வரும். இந்த பம்பர் கம்பெனி கொடுத்ததா? டயர் ஏன் இவ்வளவு பெருசா இருக்கு? கூரை மேல இருக்கிற லைட் எதுக்கு?

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. கார் தயாரிப்பதே பிழைப்பாக இருக்கும் ஊர். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. புதிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கப் பட்ஜெட் இடிக்கும்போது, பழைய டஸ்டரையோ எண்டேவரையோ ஜீப்பையோ செகண்ட் ஹேண்டில் எடுத்து, வார இறுதியில் தானே சரிசெய்து, கூடவே கொஞ்சம் 'மாடிஃபை' செய்வது பல இளைஞர்களின் கனவு. அந்தக் கனவில் பழுது பார்ப்பது ஒரு பாதி, மாற்றுவது இன்னொரு பாதி. சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் அடிப்படை. தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும் அளவுக்கு உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. வண்டியின் கட்டமைப்பு மாறி, அதனால் அதன் அடிப்படை அம்சமே மாறினால் அதுதான் 'மாற்றம்' என்ற விளக்கமும் அதிலேயே இருக்கிறது. தேய்ந்த பிரேக் பேடை எடுத்துவிட்டு அதே வகை பேடைப் போடுவதோ, ஷாக் அப்சார்பரையோ பெல்ட்டையோ மாற்றுவதோ இதில் வராது. அது பழுது பார்ப்பது. அதை ஒர்க்‌ஷாப்பில் செய்தாலும் சரி, வீட்டு வாசலில் செய்தாலும் சரி, சட்டத்துக்குக் கவலை இல்லை.

2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு அது. நிறுவனத்தின் மூல அளவீடுகளிலிருந்து விலகும்படி வண்டியை மாற்ற முடியாது என்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு தீர்ப்பளித்தது. அன்றைய தலைப்புச் செய்திகளைப் பார்த்துப் பலர், 'இனி ஸ்டிக்கர்கூட ஒட்டக் கூடாது' என்று பயந்தார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. நிறம் போன்ற மற்ற விவரங்களை முறைப்படி விண்ணப்பித்து, ஆர்.சி.யில் பதிந்து மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. இன்ஜினையே மாற்றுவது, எரிபொருளை மாற்றும் கிட் பொருத்துவது போன்றவற்றுக்கும் அனுமதி பெறும் வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. அனுமதியோடு செய்த மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

அனுமதி இல்லாமல் செய்தால்? 2019 திருத்தம் கொண்டுவந்த 182-ஏ பிரிவு உரிமையாளரை நேரடியாகப் பிடிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'மாற்றம் ஒன்றுக்கு' என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே வண்டியில் நான்கு விதிமீறல் இருந்தால் கணக்கு நான்கு மடங்கு. ஸ்ரீநகரில் தார் ஜீப்பை மாற்றியமைத்த ஒருவருக்கு நீதிமன்றம் ஆறு மாதத் தண்டனை விதித்து, நன்னடத்தைப் பிணையில் விட்டதோடு, வண்டியைப் பழையபடி ஆக்கவும் உத்தரவிட்டது. நடைமுறையில் இவ்வளவு தூரம் போவது அபூர்வம்தான். ஆனாலும், 'எல்லாரும்தானே செய்றாங்க' என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

பெரிய டயர்: கிடைப்பது என்ன, போவது என்ன?

2014-ல் வந்த டஸ்டர் ஆல் வீல் டிரைவை எடுத்துக்கொண்டால் கணக்கு நன்றாகப் புரியும். சாதாரண டஸ்டரிலிருந்து அது பல விதங்களில் வேறு வண்டி. பின்பக்கம் தனித்தனியாக இயங்கும் மல்டி-லிங்க் சஸ்பென்ஷன். டூ வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலைகள் கொண்ட திருகு. தேவைப்படும்போது பின்சக்கரத்துக்குச் சக்தியை அனுப்பும் மின்காந்த கப்ளிங். ஜீப்பில் இருக்கும் 'லோ ரேஞ்ச்' கியர் இதில் கிடையாது. அந்தக் குறையைத்தான், மிகக் குட்டையாக வைத்த முதல் கியர் ஈடுகட்டுகிறது. செங்குத்தான மேட்டில் மெதுவாக ஊர்ந்து ஏற முடிவது அதனால்தான்.

கம்பெனி டயர் 215/65 ஆர்16. விட்டம் சுமார் 686 மில்லிமீட்டர். 'முரட்டு லுக்' வேண்டும் என்று 215/75 ஆர்16 போட்டால் விட்டம் 729 ஆகிவிடும். கிடைக்கும் கூடுதல் உயரம் அந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 21 மில்லிமீட்டர்தான். இரண்டு விரல் அகலம்கூட இல்லை. பதிலுக்குக் கியர் விகிதம் 6 சதவீதம் நீண்டுவிடுகிறது. எந்தக் குட்டை முதல் கியருக்காக இந்த வண்டியை வாங்கினார்களோ, அதையே கொஞ்சம் விற்றுத்தான் இந்த உயரம் வாங்கப்படுகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85-ல் போகும். கேமரா பிடிப்பது 85-ஐத்தான்.

காசு மிச்சம் பிடிக்கப் பலர் செய்யும் இன்னொரு காரியம், முன்பக்கம் இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போடுவது. மற்ற கார்களில் பெரிதாகத் தெரியாது. ஆல் வீல் டிரைவில் முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால், இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுழலும். அந்த வித்தியாசத்தைக் கப்ளிங்தான் தாங்க வேண்டும். அது சூடாகிச் செலவு வைத்தால், மிச்சம் பிடித்த டயர் காசு எந்த மூலைக்கு?

பம்பரும் லைட்டும்

முன்னால் இரும்புக் கம்பி 'புல் பார்' போடுவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காரணம் அழகு அல்ல. மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி காரின் முன்பகுதி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நேராக சேஸிஸில் பூட்டிய கம்பி அந்த அதிர்ச்சியை உள்ளே கடத்திவிடும். ஏர்பேக் விரிய வேண்டிய நேரக் கணக்கும் குழம்பலாம். நடந்துபோகிறவர் மேல் பட்டால் சொல்லவே வேண்டாம்.

ஹெட்லைட் விஷயம் இதைவிட மோசம். ஆனால் யாரும் அதைக் குற்றமாகவே நினைப்பதில்லை. ஹாலஜன் பல்புக்கு என்று வளைத்த பிரதிபலிப்பான், இழை இருக்கும் சரியான இடத்திலிருந்து வரும் ஒளியை மட்டுமே சாலையில் ஒழுங்காக விழவைக்கும். அதே கூட்டுக்குள் மலிவு எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி புறப்படும் இடமே மாறி, நாலா பக்கமும் தெறிக்கும். ஓட்டுபவருக்கு 'சூப்பர் வெளிச்சம்' மாதிரி தெரியும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் நைட் ஷிஃப்ட் முடிந்து எதிரே பைக்கில் வருகிறவருக்குச் சில நொடிகள் கண்ணே தெரியாது. மங்கிப்போன பழைய லென்ஸைப் பாலிஷ் செய்து, அதே வாட்டில் நல்ல பிராண்ட் ஹாலஜன் பல்ப் போட்டாலே வெளிச்சம் வெகுவாகக் கூடும். செலவும் குறைவு, சட்டச் சிக்கலும் இல்லை.

ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைத்து வண்டியைத் தூக்குவது டஸ்டர் போன்ற வண்டிக்குப் பொருந்தாது. டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறி, அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். உறை கிழிந்து மண் புகுந்தால் ஜாயின்ட் போய்விடும். வண்டியின் எடை மையமும் மேலே போவதால் திருப்பத்தில் சாய்வு கூடும்.

கை வைக்க வேண்டிய இடங்கள்

வெளியே தெரியாத வேலைகள்தான் பழைய வண்டியை ஓடவைக்கின்றன. டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது. டைமிங்கைப் பூட்டிவைக்கத் தனி டூல் வேண்டும் என்பதால், இதை மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவையும் நிறைய உண்டு. இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், பேட்டரி முனைகள், பிரேக் பேட் தேய்மானம் பார்ப்பது. கீழே குனிந்து சஸ்பென்ஷன் புஷ், ஷாஃப்ட் உறை, துரு ஆகியவற்றைச் சோதிப்பது. ஆல் வீல் டிரைவில் பின் டிஃபரென்ஷியலுக்கும், முன்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் யூனிட்டுக்கும் தனித்தனி ஆயில் உண்டு. பல ஒர்க்‌ஷாப்களில் இதை மறந்தேவிடுகிறார்கள். மழை வெள்ளத்தில் இறக்கி ஓட்டிய வண்டி என்றால் அந்த ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பின்னால் இப்படித் தண்ணீர் புகுவதை, முன்னால் 'ஸ்நார்கெல்' குழாய் வைப்பது தடுக்காது. அது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இடத்தை உயர்த்துவதோடு சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் துணிச்சல் கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது. சமமான தரையில் ஸ்டாண்ட் கொடுத்து, கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் வீட்டில் சேர்க்க முடியாத 'அப்கிரேட்' ஏர்பேக். 2017-ல் குளோபல் என்கேப் நடத்திய சோதனையில், ஏர்பேக் இல்லாத இந்தியத் தயாரிப்பு டஸ்டர் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம் வாங்கியது. ஓட்டுநர் ஏர்பேக் உள்ள வண்டி மூன்று வாங்கியது. மலிவாகக் கிடைக்கிறது என்று அடிப்படை மாடலை எடுத்து, மிச்சக் காசை மாடிஃபிகேஷனில் போடுவதைவிட, ஏர்பேக், ஏ.பி.எஸ். உள்ள மாடலைத் தேடி எடுப்பதே லாபம்.

பார்ட்ஸ் கிடைக்குமா?

டஸ்டர் தயாரிப்பு 2022-ல் நின்றது. ரெனோ இந்தியாவில் தொடர்வதால் அதன் நிலைமை பரவாயில்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த ஃபோர்டின் எண்டேவர், மறைமலைநகரில் தயாரான வண்டி. பக்கத்திலேயே தயாரானது என்பதால் பார்ட்ஸ் பக்கத்திலேயே கிடைத்துவிடாது. ஆலைக்குப் போகும் பாகமும் கடைக்கு வரும் பாகமும் வேறு வேறு வழியில் போகின்றன.

இந்த வழியை நிறுவனங்கள் அடைத்துவைத்திருந்ததை 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் கண்டித்தது. உதிரிபாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். ஒரகடத்தில் கால் பதித்த நிஸான், மறைமலைநகர் ஃபோர்டு, திருவள்ளூரில் மிட்சுபிஷி பஜேரோவைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. மேல்முறையீடுகள் நடந்தன, அபராதத் தொகை குறைந்தது. மத்திய அரசு 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை'க்குக் குழு அமைத்தபோது வாகனங்களையும் சேர்த்தது. டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. தளம் என்பது சட்டம் அல்ல. ஆனால் வாகனத்துக்குப் பாகம் தர மறுக்கும்போது எழுத்தில் காரணம் கேட்க ஒரு பிடி இருக்கிறது.

சென்னையில் புதிய பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையதுக்குப் புதுப்பேட்டை என்பது ஊரறிந்தது. புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, சீட் வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களை அங்கே தேடுவது விஷப்பரீட்சை.

இன்சூரன்ஸும் 2027-ம்

மாற்றங்களைத் தெரிவிக்காமல் பாலிசி எடுத்திருந்தால், சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்கு வழி கிடைக்கிறது. வண்டியை வாங்கும்போதே முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களைப் பட்டியலிட்டுப் பார்ப்பது அதனால்தான் முக்கியம். அவர் போட்ட புல் பாருக்கும் இப்போதைய உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆர்.சி. புதுப்பிப்புக்கு, 2022 ஏப்ரல் முதல் காருக்கான கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக உயர்ந்தது. தமிழ்நாட்டின் பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். படிவம் 25-ல் விண்ணப்பிக்க, காலாவதித் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து அவகாசம் உண்டு. 2012 ஜூலையில் பதிவான டஸ்டருக்கு அந்தக் கதவு 2027 மே மாதம் திறக்கும். கழற்றிவைத்த கம்பெனி பம்பரையும் பழைய ஹெட்லைட் பல்பையும் பரணில் வைத்திருப்பவர்களுக்கு அன்றைக்கு வேலை சுலபம்.