முதியோர் இல்லத்துக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாமா? அமெரிக்க விதி சொல்வது என்ன?

இல்லத்தில் இருக்கும் பாட்டிக்குப் பிடிக்குமேன்னு சமைச்சு எடுத்துட்டுப் போறோம். "வெளிச் சாப்பாடு கூடாது" என்று வாசலிலேயே நிறுத்தினால்? அமெரிக்காவில் இதற்கென்றே மத்திய அரசு விதி இருக்கிறது.

விதி என்ன?

அங்கே நர்சிங் ஹோம் என்றால் நம்மூர் மாதிரி சின்ன ஆஸ்பத்திரி இல்லை. முதியோர் நீண்டகாலம் தங்கும் பராமரிப்பு இல்லம். மெடிகேர், மெடிகெய்ட் நிதி பெறும் இல்லங்களுக்கான விதிகள் 2016-ல் திருத்தப்பட்டன. அதன்படி, உறவினர்கள் கொண்டுவரும் உணவைப் பாதுகாப்பாக வைக்க, பரிமாற ஒவ்வொரு இல்லமும் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். அந்த உணவை ஏற்பது அங்கு வசிப்பவரின் உரிமை என்கிறது அரசின் வழிகாட்டுதல்.

அப்புறம் ஏன் கெடுபிடி?

வயதாக ஆக நோய் எதிர்ப்பு சக்தி குறையும். நமக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போவது, அவர்களுக்கு உயிராபத்தாகலாம். 5 முதல் 57 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியிலேயே கிடந்தால் அது நச்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. லிஸ்டீரியா கிருமியோ ஃபிரிட்ஜுக்குள்ளேயும் வளரும்.

குடும்பத்தினர் என்ன செய்யணும்?

• சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. சூடாகவோ, ஐஸ் பையில் குளிராகவோ கொண்டு போகணும்.

• டப்பா மேல் பெயர், தேதி எழுதணும். மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து 3, 4 நாளுக்குள் முடிக்கணும்.

• சூடு பண்ணினால் உள்வரை 74 டிகிரி வரணும். மைக்ரோவேவ் என்றால் நடுவில் கிளறிவிடணும்.

• விழுங்கச் சிரமப்படுபவரா, சர்க்கரை, உப்புக் கட்டுப்பாடு உண்டா என்று நர்ஸிடம் கேட்காமல் ஊட்டக் கூடாது. கெடாத உணவும் தொண்டையில் சிக்கினால் ஆபத்துதான். பக்கத்து அறைக்காரருக்கும் பகிரக் கூடாது.

இல்லத்தின் பொறுப்பு?

இந்த உணவை இல்லத்துச் சமையலோடு கலக்காமல், அடையாளம் தெரியும்படி வைக்க வேண்டும். தானாகச் சாப்பிட முடியாதவருக்கு உதவ வேண்டும். பாதுகாப்பு முறைகளைக் குடும்பத்துக்கும் புரியவைக்க வேண்டும்.

ஒட்டுமொத்தமாகத் தடை போடுவது நிர்வாகத்துக்குச் சுலபம். ஆனால் பல முதியவர்களுக்கு, வீட்டோடு மிச்சமிருக்கும் தொடர்பே அந்த டப்பாதான். விதி கேட்பது கவனத்தை, தடையை அல்ல. நம்மூர் முதியோர் இல்லத்தில் பெற்றோரைச் சேர்ப்பவர்களும் முதல் நாளே கேட்கலாம்: "நாங்க கொண்டுவர சாப்பாட்டை எங்க வைப்பீங்க, யார் சூடு பண்ணுவாங்க, எப்போ எடுத்துப் போடுவீங்க?"